அத்தியாயம் 5: வலியிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள்

பல மாதமாக இடுப்பு வலி. ஒருநாள் காலையில் எழுந்தால் கொஞ்சம் தேவலை போலிருக்கிறது. இந்த நாளை விட்டால் கிடைக்காது என்று தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். பரணை ஒழிக்கிறோம், போர்வைகளை அலசிக் காயப்போடுகிறோம், ஒரு வாரத்துக்கு மாவாட்டி வைக்கிறோம். மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இரண்டு மூன்று நாள் படுத்தே கிடக்கிறோம். வலி இறங்கியதும் மறுபடியும் பரண்.

நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் பலருடைய நாட்கள் இப்படித்தான் மாறி மாறி ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் படுத்திருக்கும் நாள் கூடும், செய்ய முடிகிற வேலை குறையும். இந்தச் சுற்றை உடைக்க ஒரு வழி உண்டு. எவ்வளவு நடப்பது, எவ்வளவு நேரம் உட்காருவது, எப்போது ஓய்வெடுப்பது என்ற முடிவுகளை வலியின் கையிலிருந்து எடுத்துக் கடிகாரத்தின் கையில் கொடுத்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம். தொடங்கும் முன், உங்கள் வலி இந்த முறைக்கு ஏற்றதுதானா என்று பார்த்துவிடுவோம்.

முதலில் இதைச் சரிபாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

• சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதால் இப்படி ஆகலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

• கால் வலுவிழந்துகொண்டே வருவது. நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

தாமதிக்காமல் காட்ட வேண்டியவை:

• முதுகுவலியோடு மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது.

• முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலி. எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி.

• மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும் சின்னதாக விழுந்த பிறகு, அல்லது பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு தூக்கிப்போடலுக்குப் பிறகு வரும் கடும் வலி. எலும்பு அமுங்கி முறிந்திருக்கலாம்.

• 45 வயதுக்குள் தொடங்கிய வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடந்தால் குறைந்து படுத்தால் கூடுவது, பின்னிரவில் எழுப்பிவிடுவது. இது அழற்சி வகை மூட்டுநோயாக இருக்கலாம். ரூமட்டாலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் நீங்கள் பெரும்பான்மையோரில் ஒருவர். முதுகுவலி என்று வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்தத் தசை என்று சுட்டிக்காட்டும்படியான ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. அது 3 மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட வலி என்கிறார்கள். 2020-இல் உலகம் முழுக்க சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஸ்கேன் கவரில் இருப்பது என்ன?

‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’, ‘டிஸ்க் தேய்மானம்’. இந்த வரிகளைப் படித்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் ஏராளம். முதுகுவலிக்கு டிஸ்க்கைக் குற்றவாளியாக்கும் பழக்கம் 1934-இல் தொடங்கியது. பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தினால் காலுக்கு வலி இறங்கும் என்று அந்த ஆண்டு எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் எம்.ஆர்.ஐ. வந்த பிறகு வலியே இல்லாதவர்களையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேரை எடுத்த ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் பல்ஜ் இருந்தது. டிஸ்க் எல்லாம் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர் மட்டுமே. இப்படிப்பட்ட 33 ஆய்வுகளை ஒன்றாகக் கோத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டின் தொகுப்பின்படி, வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருக்கிறது.

அறிக்கையில் இருப்பது பொய்யென்று அர்த்தமில்லை. உங்கள் வயதில், வலியில்லாமல் ஓடியாடித் திரிகிற பக்கத்து வீட்டுக்காரரைப் படமெடுத்தாலும் அதே வரிகள் வரக்கூடும் என்பதே விஷயம். டிஸ்க் இருந்த இடத்தைவிட்டு நழுவி ஓடுவதும் இல்லை; மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகளோடு அது இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. பெரிதாகப் பிதுங்கியவைகூடப் பல சமயம் சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடுகின்றன. முன்சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, கால்வலிக்கு அறுவை சிகிச்சை யோசிக்கும் நிலை வந்தாலோ ஸ்கேன் அவசியம். மற்றபடி ஆறு மாதத்துக்கொரு முறை ‘எதற்கும் ஒரு ஸ்கேன்’ வேண்டாம்.

புண் ஆறியும் வலி ஏன் ஆறவில்லை?

1995-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சம்பவம். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடித்தார். மயக்கம் தரும் வலிநிவாரணி கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றினார்கள். காலில் கீறல்கூட இல்லை. ஆணி விரல்களுக்கு நடுவே போயிருந்தது. அவர் நடிக்கவில்லை. கண் பார்த்ததை வைத்து மூளை ஆபத்து என்று முடிவுகட்டியது, வலித்தது.

காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு கோடி. நாள்பட்ட முதுகுவலியும் இதே கோடியின் அருகேதான் இருக்கிறது. முதலில் ஏதோ ஒரு பிடிப்போ சுளுக்கோ உண்மையிலேயே இருந்திருக்கும். அது பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் திருடன் ஒருமுறை வந்துபோன வீட்டு நாய் பால்காரரைப் பார்த்தும் குரைப்பதுபோல, நரம்பு மண்டலம் சின்ன அசைவுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. சரியான தூக்கமில்லாமை, கடன் கவலை, வேலை போய்விடுமோ என்ற பயம், ‘இனி நீ எதுவும் தூக்கவே கூடாது’ என்று யாரோ சொன்னது எல்லாம் அந்த எச்சரிக்கையைக் கூட்டுகின்றன.

‘எல்லாம் மனப்பிரமை’ என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம். ஆனால் எவ்வளவு சேதம் என்று காட்டும் மீட்டராக அது இப்போது வேலை செய்யவில்லை. அதனால்தான் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

கடிகார முறை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இருந்தார். ‘வலி வந்தால் நிறுத்து, வலி விட்டால் தொடங்கு’ என்ற ஏற்பாடே நோயாளியைப் படுக்கையில் தள்ளுகிறது என்பது அவர் கண்டது. 1986-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் புதிதாக முதுகுவலி வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வலி விடும்வரை மருந்து, ஓய்வு. மறு குழுவுக்கு இத்தனை நாள் மருந்து, இத்தனை முறை பயிற்சி என்று முன்கூட்டியே கணக்கு. ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஓராண்டை நெருங்கும்போது கணக்கு வைத்த குழுவே நல்ல நிலையில் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது நான்கு படி.

1. மூன்று நாள் அளந்து பாருங்கள். உங்களுக்குக் கஷ்டமான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: உட்காருவது, அடுப்படியில் நிற்பது, நடப்பது, எதுவானாலும் சரி. வலி தெளிவாக ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

2. சராசரி எடுத்து, அதில் ஐந்தில் நான்கு பங்கை உங்கள் தொடக்க அளவாக வையுங்கள்.

3. நல்ல நாளோ கெட்ட நாளோ, அந்த அளவைத் தாண்டாதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள்.

4. ஒரு வாரம் அதே அளவில் நின்ற பிறகு பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் 25 நிமிடத்தில் இடுப்பு பிடிக்கிறது, இரண்டாம் நாள் 35, மூன்றாம் நாள் 30. சராசரி 30. ஐந்தில் நான்கு பங்கு, 24 நிமிடம். போனில் 24 நிமிடத்துக்கு அலாரம் வைக்கிறார். அடித்ததும் ஜாக்கெட்டில் பாதிக் கை ஏறியிருந்தாலும் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டு எழுகிறார். இரண்டு நிமிடம் நடை, ஒரு தம்ளர் தண்ணீர், திரும்ப மெஷின். அடுத்த வாரம் 26, அதற்கடுத்து 29, பிறகு 32. எட்டாவது வாரத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் வந்துவிடும். அதற்கு மேல் ஒரே மூச்சில் உட்கார யாருக்குமே அவசியமில்லை; அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் கஷ்டமான விதி மூன்றாவதுதான். அதுவும் கெட்ட நாளில் செய்வதைவிட, நல்ல நாளில் நிறுத்துவது. அலாரம் அடிக்கும்போது வலியே இருக்காது. ‘இந்த ஒரு தையலை முடித்துவிடலாமே’ என்று கை துறுதுறுக்கும். வலியில்லாதபோது எழுந்திருப்பதே இந்த முறையின் உயிர். ஓய்வு வலியின் தயவில் கிடைப்பது நின்று, நேரத்தின் கணக்கில் கிடைக்கத் தொடங்குகிறது.

நடையும் மூன்று பயிற்சிகளும்

எந்தப் பயிற்சி சிறந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. நீச்சலோ யோகாவோ ஜிம்மோ, விடாமல் செய்கிற பயிற்சியே சிறந்தது. ஒரு வகை இன்னொன்றைப் பெரிதாக வென்றதில்லை. காசில்லாமல் தொடங்க நடை போதும். 2024-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி வந்து தேறிய 701 பேரைப் பார்த்தார்கள். வாரம் 5 நாள், 30 நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடையைக் கூட்டி, பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலும் பெற்றவர்களுக்கு வலி திரும்பி வர நடுமட்டமாக 208 நாளானது. மற்றவர்களுக்கு 112 நாள். தெரு சரியில்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது. உங்கள் தொடக்க அளவு 6 நிமிடம்தான் என்றால் 6 நிமிடமே நடங்கள்.

நடையோடு வாரம் மூன்று நாள் இவற்றைச் சேருங்கள்:

• நாற்காலியிலிருந்து எழுவது. கையில்லாத, அசையாத நாற்காலியின் நுனியில் உட்காருங்கள். பாதங்களைச் சற்று உள்ளிழுத்து, முன்னால் சாய்ந்து கையூன்றாமல் எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள்.

• இடுப்பைத் தூக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். குதிகாலால் தரையை அழுத்தி, தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வரும்வரை இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணுங்கள். பிட்டத் தசை இறுகுவது தெரிய வேண்டும்.

• எதிர்க் கை, எதிர்க் கால். முட்டியும் உள்ளங்கையும் ஊன்றி நில்லுங்கள். வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டி ஐந்து எண்ணி, பக்கம் மாற்றுங்கள்.

ஒவ்வொன்றும் ஐந்து முறையில் தொடங்கலாம். பயிற்சியின்போது வலி லேசாக ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மறுநாளும் இறங்கவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். கால்வரை வலி புதிதாக இறங்கினாலோ மரத்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

வீட்டு வேலை, படுக்கை

குனிவது முதுகுக்கு விஷமல்ல. கோலம் போடுவது, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குனிந்து பெருக்குவது எல்லாவற்றுக்கும் முதுகு ஆயுள் முழுக்கப் பழகியது. நிறுத்தியிருந்தால் அதே நான்கு படியில் திரும்பத் தொடங்குங்கள்: நாலு புள்ளிக் கோலம், பிறகு ஆறு, பிறகு எட்டு. பளு தூக்குவதில் கணக்கு பார்க்கத்தான் வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அதை அடியோடு சாய்த்து உருட்டுங்கள், தூக்காதீர்கள். தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல், இரண்டு கையிலும் அரை அரை வாளியாகப் பிரித்துக்கொண்டால் நடையும் ஒரு பயிற்சியாகிவிடும்.

‘மெத்தையைத் தூக்கிப் போடு, கட்டாந்தரையில் படு’ என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பாயில் நன்றாகத் தூக்கம் வருகிறவர்கள் மாற்ற வேண்டாம். வராதவர்கள் தண்டனைபோல் தரையில் கிடக்கவும் வேண்டாம்.

மாத்திரை, பெல்ட், கரண்ட் வைத்தியம்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிய புரிதல், உடற்பயிற்சி, மசாஜ், மனநல ஆலோசனை, டைக்ளோஃபினாக் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள் ஆகியவை அது ஏற்ற பட்டியலில் உள்ளன. வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பட்டியலில் இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்டு சிகிச்சை, அபின் வகை வலிமருந்துகள் இருக்கின்றன. பல ஊர்களில் காசு போவது இந்த இரண்டாம் பட்டியலுக்குத்தான்.

ஏற்ற பட்டியலில் இருந்தாலும் வலி மாத்திரை மிட்டாய் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு வரலாம். சர்க்கரை, இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு எழுதப்படும் பிரகாபலின், 2017-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். இப்போது எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசிக் குறையுங்கள். பெயரோ சேர்மானமோ அச்சிடாத பொட்டலப் பொடி ஒரே நாளில் வலியை எடுத்தால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

தைலம், வெந்நீர் ஒத்தடம் இதம் தரும், தாராளமாகச் செய்யலாம். ஒத்தடம் கொடுத்த கையோடு நடக்கக் கிளம்புங்கள்.

வலி மூண்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாள் வலி மூளும். அந்த நாட்களுக்கு மட்டும் மூன்றாவது விதி தளரும். அதற்கான திட்டத்தை இன்றே எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு நாள்: எல்லாத் தொடக்க அளவையும் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்க வேண்டாம். பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து வீட்டுக்குள் நடங்கள். மூன்றாம் நாளிலிருந்து முக்கால் பங்கு. ஒரு வாரத்துக்குள் பழைய அளவு. ஆபத்து அறிகுறிப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 1986-இல் ரிச்சர்டு டேயோ என்ற அமெரிக்க மருத்துவர், முதுகுவலி வந்த 203 பேரில் பாதிப்பேரை 2 நாளும் மீதிப்பேரை 7 நாளும் படுக்கச் சொன்னார். ஏழு நாள் ஓய்வால் கூடுதல் பலன் ஒன்றுமில்லை. இரண்டு நாள் குழுவினர் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்வது அன்புதான். தினமும் சொன்னால், உன் முதுகு உதவாது என்று தினமும் சொன்னதாகிவிடுகிறது. “இன்னிக்கு வலி எப்படிம்மா இருக்கு?” என்று காலையில் கேட்பதற்குப் பதில், “இன்னிக்கு எத்தனை நிமிஷம் நடந்தேம்மா?” என்று சாயங்காலம் கேளுங்கள். அலாரம் அடித்தும் அம்மா எழவில்லையென்றால் எழுப்பிவிடுவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: தேதி, வேலை, குறித்த நிமிடம், செய்த நிமிடம். வலிக்கென்று ஐந்தாவது பத்தி வேண்டாம். முதல் மூன்று நாள் அளங்கள், நான்காம் நாள் தொடக்க அளவைக் குறித்து அலாரம் வையுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு வேலைக்கு மேல் எடுக்காதீர்கள்.

12 வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, வலி முழுக்கப் போய்விட்டதா என்று தேடாதீர்கள். பலருக்கு அது மிச்சமிருக்கும். கடைசிப் பத்தியில் எண்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் இதே வழியில் இன்னொரு வேலையைச் சேருங்கள். ஏறவில்லையென்றால் அந்த நோட்டோடு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். எங்கே தட்டுகிறது என்று ஸ்கேன் கவரைவிட அந்த நோட்டு அவருக்கு நன்றாகச் சொல்லும்.